பைப் சொட்டுது, லைற் எரியேல்லை: புது வீட்டுக்காரருக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் நாங்கள் குடிபோன முதல் கிழமையே குசினிப் பைப் சொட்டத் தொடங்கியது. பிளம்பருக்கு அடித்தால் "நாளைக்கு வாறன்" என்றார். நாலு நாள் கழித்து வந்தார். ஐந்தே நிமிடத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வோசரை மாற்றிவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. இரண்டு புது வீட்டு வேலை கையில் இருக்கிறவர் ஒரு வோசருக்காக வந்ததே பெரிய விஷயம். ஆனால் அந்த நாலு இரவும் பைப்பின் கீழே வைத்த வாளி நிரம்பி வழிந்தது. அந்த வோசர் என் பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இதை நானே பழக வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

புதிதாகத் தனி வீட்டுக்குப் போனவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கிறவர்கள், யாழ்ப்பாணத் திருநெல்வேலிப் பக்கம் அறை எடுத்துப் படிக்கிற பிள்ளைகள் ஆகியோரை நினைத்து இதை எழுதுகிறேன். ஸ்பானர் பிடித்தே பழக்கமில்லை என்றாலும் பரவாயில்லை. ஒன்றை மட்டும் முதலில் மனதில் வையுங்கள்: எதையும் கழற்ற முன்னம், அதற்கு வரும் தண்ணீரையோ கரண்டையோ எங்கே மூடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். வேலையில் பாதி அதுதான்.

மூடும் இடங்களைத் தேடுங்கள்

ஒன்றும் பழுதாகாத ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். எங்கள் வீடுகளில் பெரும்பாலும் மோட்டர் கிணற்றுத் தண்ணீரை மேலே தாங்கிக்கு ஏற்றும். தாங்கியின் அடியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு வால்வ் இருக்கும். அதை மூடிவிட்டு வீடு முழுக்க ஒவ்வொரு பைப்பாகத் திறந்து பாருங்கள். சில வீடுகளில் குளியலறைக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று என்று இரண்டு இறக்கம் இருக்கும். எந்த வால்வ் எதை நிறுத்துகிறது என்று பெயின்ற் பேனையால் குழாயிலேயே எழுதிவிடுங்கள்.

எனக்கு இந்தப் புத்தி பிந்தித்தான் வந்தது. ஒருநாள் பைப் மாற்றச் சாமான் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு மேலே ஏறி வால்வை முறுக்கினேன். அசையவில்லை. வருடக்கணக்காக யாரும் தொடாததால் சுண்ணாம்பு பிடித்து இறுகிப்போய் இருந்தது. பலத்தைக் கொடுத்ததும் கைப்பிடி உடைந்து கையோடு வந்தது. தாங்கியில் இருந்த 1000 லீற்றர் தண்ணீரையும் வாழைக்குத் திறந்துவிட்டு, வால்வையே மாற்றிய பிறகுதான் பைப்புக்கு வர முடிந்தது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருக்கா எல்லா வால்வையும் மெதுவாக ஒருதரம் மூடித் திறந்து விடுங்கள்.

கிணற்றோடு நகரக் குழாய் நீரும் வருகிற வீடென்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்த பிறகு குழாய் நீர் இணைப்பைப் பற்றிய பேச்சு எங்கும் கேட்கிறது. அந்தக் குழாயையும் கிணற்று மோட்டர்க் குழாயையும் நேரடியாக ஒன்றோடொன்று பொருத்தவே கூடாது. உங்கள் மோட்டர் கிணற்றுத் தண்ணீரை ஊருக்கே குடிக்க வரும் குழாய்க்குள் தள்ளிவிடும். இரண்டும் தாங்கிக்குள் மேலிருந்து தனித்தனியாக விழட்டும்.

கரண்ட் பெட்டிக்கு வாருங்கள். மீற்றரும் அதன் சீலும் மின்சாரம் தருகிற நிறுவனத்துக்குரியவை. அந்தப் பக்கம் கை போகக் கூடாது. அதற்கு இப்பால் மெயின் சுவிச், ட்ரிப் சுவிச், பிறகு வரிசையாகச் சின்ன பிரேக்கர்கள் இருக்கும். ஒவ்வொரு பிரேக்கராக விழுத்திவிட்டு எந்த அறை லைற் போகிறது, எந்த பிளக்கில் கரண்ட் இல்லை என்று பார்த்து, பக்கத்தில் ஒட்டி எழுதுங்கள். ஒருவர் பெட்டியடியில் நிற்க, மற்றவர் அறையறையாகப் போய்க் கூப்பிட்டுச் சொன்னால் கெதியாக முடியும்.

ட்ரிப் சுவிச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உயிரைக் காக்கிற சாமான் அதுதான். சுவிச் வழியாகப் போன கரண்ட் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது எந்நேரமும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி அம்பியர் அளவு வேறு வழியால், அதாவது ஒரு மனிதரின் உடம்பு வழியாக நிலத்துக்குப் போனாலும் கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். பிரேக்கர் இந்த வேலையைச் செய்யாது. அது வயர் சூடேறி எரியாமல் காப்பதற்கு. ட்ரிப் சுவிச்சில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருதரம் அதை அமத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்த வீட்டில் வேறு எந்த வேலைக்கும் முன்னம் எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதை மாற்றுங்கள்.

சாமான்கள்

வாயின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பானர் ஒன்று, பைப் ரெஞ்ச் ஒன்று, குறடு, தட்டையும் நட்சத்திரமுமாக இரண்டு ஸ்குரூ டிறைவர், ரெஸ்ரர் (கரண்ட் உள்ள இடத்தில் வைத்தால் எரிவது), திரெட் ரேப் (குழாய்ப் புரியில் கசியாமல் சுற்றுவது), இன்சுலேஷன் ரேப், நெற்றியில் கட்டும் ரோர்ச், பழைய துவாய். ரெஸ்ரரிலும் பிளக்கிலும் மட்டும் மலிவைப் பார்க்காதீர்கள். நாங்கள் வீட்டில் பைப் என்று சொல்வதை ஹாட்வெயார் கடையில் ரப் என்பார்கள். பைப் என்று கேட்டால் நீளக் குழாயைக் காட்டுவார்கள். கழற்றிய பழைய சாமானை எப்போதும் கையோடு கொண்டுபோங்கள். அரை இஞ்சியா முக்கால் இஞ்சியா என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

சொட்டுகிற ரப்

முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். மூடுவதற்குப் பல சுற்று முறுக்க வேண்டியிருந்தால் உள்ளே ரப்பர் வோசர் இருக்கிறது. கால் சுற்றிலேயே திறந்து மூடுகிறதென்றால் உள்ளே இருப்பது செராமிக் காட்றிட்ஜ். அதைத் திருத்த முடியாது. முழுதாகக் கழற்றி அதே அளவில் ஒன்று வாங்கிப் போட வேண்டியதுதான்.

வோசர் வகையை எடுப்போம். வால்வை மூடுங்கள். ரப்பைத் திறந்து, குழாயில் மிச்சம் இருக்கும் தண்ணீர் வடிந்து நிற்கும் மட்டும் பொறுங்கள். பேசின் என்றால் தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடையுங்கள், திருகாணி விழுந்தால் போனதுதான். கைப்பிடியின் தலையில் உள்ள மூடியை நகத்தாலோ தட்டை ஸ்குரூ டிறைவராலோ கிளப்பினால் அடியில் திருகாணி தெரியும். அதைக் கழற்றிக் கைப்பிடியை மேலே இழுங்கள். இப்போது ஆறு மூலை நட்டு ஒன்று தெரியும். ஒரு கையால் ரப்பின் உடம்பை ஆடாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் நட்டை இடப்பக்கம் திருப்புங்கள். உடம்பைப் பிடிக்காமல் திருப்பினால் சுவருக்குள் இருக்கும் பொருத்து அசைந்துவிடும். புதியவர்கள் அதிகம் பிழைவிடுவது இந்த இடத்தில்தான்.

தண்டு வெளியே வந்ததும் அதன் அடியைப் பாருங்கள். கறுப்பு வோசரின் நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். இவ்வளவு நாளும் இறுக்கி இறுக்கி மூடிய அடையாளம் அது. சின்ன நட்டைக் கழற்றி அதே அளவு வோசரைப் போடுங்கள். மூடி மாட்ட முன்னம் விரலை உள்ளே விட்டு, வோசர் போய் உட்காரும் பித்தளை விளிம்பைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பாகச் சுண்ணாம்பு இருந்தால் துணியால் துடைத்தெடுங்கள். விளிம்பே அரித்துப்போயிருந்தால் புது வோசரும் ஒரு மாதம்தான் நிற்கும். ரப்பை மாற்றிவிடுவது நல்லது.

90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் என் அப்பா பழைய சைக்கிள் ரியூப்பில்தான் வோசர் வெட்டுவார். ஒரு சதக் குற்றியை வைத்து வட்டம் கீறி, கத்தரிக்கோலால் ஆறுதலாக வெட்டி, இரண்டு மூன்றை அடுக்கிப் போடுவார். அது ஒரு கிழமைக்குத் தாங்கும். கடையில் நல்ல வோசர் தாராளமாகக் கிடைக்கிற இந்த நாளில், ஐந்தாறை வாங்கி ஒரு போத்தலில் போட்டு வைத்திருங்கள்.

புது ரப் பொருத்துதல்

பழையதை இடப்பக்கம் திருப்பிக் கழற்றுங்கள். வர மறுத்தால் மல்லுக்கட்ட வேண்டாம். பழைய வீடுகளில் இரும்புக் குழாயின் புரி துருப்பிடித்து ரப்போடு ஒட்டிப்போயிருக்கும். பலத்தைக் கொடுத்தால் சுவருக்குள்ளேயே முறியும், பிறகு ரைல்ஸ் உடைக்க வேண்டி வரும். துருவுக்கு அடிக்கும் எண்ணெயை விட்டு அரை மணித்தியாலம் பொறுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் அசையாவிட்டால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

கழன்றதும் சுவருக்குள் இருக்கும் புரியில் பழைய ரேப்பின் துண்டுகள், சுண்ணாம்பு எல்லாவற்றையும் பழைய பல்துலக்கியால் சுத்தமாக்குங்கள். புது ரப்பின் புரி முனை உங்களைப் பார்த்திருக்கட்டும். மணிக்கூட்டுக் கம்பி சுற்றும் திசையில் திரெட் ரேப்பை இழுத்துப் பிடித்து, பத்துச் சுற்றளவு சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் ரப்பை முறுக்கும்போது ரேப் கழன்று சுருண்டு வெளியே வந்துவிடும். முதலில் கையாலேயே திருப்பிப் பொருத்துங்கள். புரி சரியாக விழுந்திருந்தால் லேசாகப் போகும். பிறகு ஸ்பானரால் ஒன்றிரண்டு சுற்று. வாய் நேராகக் கீழ்ப்பக்கம் வருகிற இடத்தில் நிறுத்துங்கள். கொஞ்சம் தாண்டிவிட்டால் பின்னுக்குத் திருப்பக் கூடாது, கசியும். கழற்றி, ரேப்பைப் புதிதாகச் சுற்றித்தான் மறுபடி போட வேண்டும். குழாய் வளையும் இடத்தில் உள்ள பி.வி.சி எல்போவில் பித்தளைப் புரியை அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் எல்போ நெடுக்காகப் பிளக்கும். அந்த வெடிப்பு உடனே தெரியாது, இரவில்தான் தெரியும். வால்வை மெதுவாகத் திறந்து, பொருத்தைச் சுற்றி உலர்ந்த கடதாசித் துண்டொன்றைக் கட்டி விட்டுப் படுங்கள். காலையில் கடதாசி உலர்ந்திருந்தால் வேலை சரி.

வெளியே வெயிலில் கிடக்கும் பி.வி.சி குழாய் சில வருடத்தில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். வெடித்த துண்டை நேராக வெட்டி எடுத்து, வெட்டிய விளிம்பைச் சுரண்டி, ஈரம் போகத் துடைத்து, குழாயின் வெளியிலும் அதை இணைக்கும் சொக்கற்றின் உள்ளேயும் பி.வி.சி கம் பூசி, தள்ளி, கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அமத்திப் பிடியுங்கள். தண்ணீரை அன்று பின்னேரம் விட்டால் போதும். வெயில் நேரே படாமல் இருக்க மேலே பெயின்ற் அடித்துவிடுங்கள்.

சுண்ணாம்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். மழைத் தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும், சவரின் ஓட்டைகளை அடைப்பதும், ரப் வாயில் உள்ள வலையில் கல்போல நிற்பதும் அதுதான். குளியலறையில் தண்ணீர் மெல்லமாக வருகிறதென்று மோட்டரையும் தாங்கியையும் சந்தேகப்பட முன்னம், சவர்த் தலையைக் கழற்றிப் பாருங்கள். ஒரு கிண்ணத்தில் வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ விட்டு இரவு முழுக்க ஊறப் போடுங்கள். சின்னக் குமிழிகள் எழும்பும்: புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கிறது. காலையில் ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திக் கழுவினால் தண்ணீர் பழையபடி சீறி வரும். கழற்ற முடியாத இடமென்றால் பொலித்தீன் பையில் வினாகிரி விட்டு, ரப் வாய் அதற்குள் மூழ்கும்படி ரப்பர் வளையத்தால் கட்டிவிடலாம். குளோறின் சேர்ந்த கழுவுமருந்தோடு மட்டும் வினாகிரியைச் சேர்க்க வேண்டாம், நச்சு வாயு வரும்.

கொமட்டுக்குத் தண்ணீர் நிரம்பி நிற்கும் சிஸ்ரேனுக்கும் இதே வியாதிதான். நிரம்பிய பிறகும் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் மூடியைத் திறந்து மிதவையைக் கையால் மேலே தூக்குங்கள். சத்தம் நின்றால் மிதவையின் அளவைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும். நிற்காவிட்டால் உள்வால்வில் சுண்ணாம்பு பிடித்திருக்கிறது. சத்தமே இல்லாமல் கசிவதும் உண்டு. கேசரிக்குப் போடும் கலரில் ஒரு சிட்டிகையை சிஸ்ரேனுக்குள் போட்டு அரை மணித்தியாலம் யாரும் பாவிக்காமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால் அடி ரப்பர் போய்விட்டது, அதை மாற்றுங்கள்.

கரண்ட் வேலை

எங்கள் வீட்டுக் கரண்ட் 230 வோல்ற். பைப்பில் பிழைவிட்டால் வீடு நனையும். இதில் பிழைவிட்டால் ஆள் போய்விடுவார். அதனால் புதியவர்கள் செய்யக் கூடியவை இவை மட்டும் என்று நினைக்கிறேன்: பல்ப் ஹோல்டர், சாதாரண லைற் சுவிச், பிளக் தலை. மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

சுவிச்சை நிறுத்தினால் போதாது. கோப்பாயில் சித்தி வீட்டில் ஒரு ஹோல்டர் மாற்றப் போனேன். சுவிச் நிறுத்தித்தான் இருந்தது. இருந்தும் பழக்கத்தில் ரெஸ்ரரை வைத்துப் பார்த்தேன், எரிந்தது. அந்த வீட்டை வயரிங் செய்தவர் சுவிச்சைக் கரண்ட் வயரில் போடாமல், கரண்ட் திரும்பிப் போகும் நியூற்றல் வயரில் போட்டிருந்தார். பல்ப் அணைகிறது, ஹோல்டரில் கரண்ட் நிற்கிறது. கதிரையில் ஏறி நின்று அதைத் தொட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

ஆகவே ஒழுங்கு இதுதான். ரெஸ்ரரை முதலில் கரண்ட் இருக்கிறதென்று தெரிந்த பிளக்கில் வைத்து, எரிகிறதா என்று பாருங்கள். பிறகு மெயின் சுவிச்சை நிறுத்தி, தொடக் கூடாது என்று எழுதி ஒட்டி, வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். வேலை செய்யும் இடத்தில் எல்லா வயரிலும் ரெஸ்ரரை வைத்துப் பாருங்கள். மெயினை நிறுத்தியிருப்பதால் ரெஸ்ரர் பழுதென்றால் இப்போது தெரிய வராது. அதனால் பற்றரியில் இயங்கும் மீற்றர் ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வேலை செய்யும் பிரேக்கரை மட்டும் விழுத்தி, அங்கே பார்த்துவிட்டு, எரிகிற பிளக்கில் ரெஸ்ரரை மறுபடி சோதித்து, அதன் பிறகு மெயினையும் நிறுத்துங்கள். இன்வேர்ட்டர் இருக்கிற வீடென்றால் அதையும் நிறுத்த வேண்டும்.

கரண்ட் வெட்டு நேரத்தை நம்பி வேலை தொடங்காதீர்கள். 2022இல் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டிய நாட்களில், "இப்ப வராதுதானே" என்று சுவிச்சைத் திறந்தவர்களை எனக்குத் தெரியும். எப்போது வரும் என்பது எங்கள் கையில் இல்லை.

ஹோல்டரில் இரண்டு வயர் இருக்கும். பழைய வீட்டில் சிவப்பும் கறுப்பும், புதிய வீட்டில் மண்ணிறமும் நீலமும். நிறத்தை நம்பி மட்டும் கை வைக்க வேண்டாம், ரெஸ்ரர் சொல்வதுதான் கணக்கு. கழற்ற முன்னம் போனில் ஒரு படம் எடுங்கள். பழைய செம்பு கறுத்துப்போயிருந்தால் அந்த நுனியை வெட்டி, புதிதாக ஒரு சென்ரிமீற்றர் அளவு உரித்து, இழைகளை முறுக்கி, திருகாணியின் கீழ் முழுதாக அடங்கும்படி இறுக்குங்கள். இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. தளர்ந்த பொருத்துத்தான் சூடேறி, பிளாஸ்ரிக்கை உருக்கி, கடைசியில் தீயாகிறது. சுவிச்சும் இதே முறைதான். ஒரு வயரைப் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் போட்ட பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

13 அம்பியர் சதுர முனைப் பிளக்கைத் திறந்து உட்பக்கத்தைப் பார்த்தால், நீண்ட முனை மேலே இருக்கும். மேலே பச்சை-மஞ்சள் ஏர்த், அதாவது நிலத்துக்குப் போகும் வயர், இடப்பக்கம் நீல நியூற்றல், வலப்பக்கம் ஃபியூஸ் இருக்கும் இடத்தில் மண்ணிறக் கரண்ட் வயர். வயரின் வெளித்தோலும் சேர்த்துக் கிளிப்புக்குள் பிடிபட வேண்டும். மேசை விளக்குக்கும் ஃபானுக்கும் 3 அம்பியர் ஃபியூஸ் போதும். கேத்தில், அயன்பெட்டி போன்றவற்றுக்கு 13. ஃபியூஸ் போனால் உள்ளே வெள்ளித்தாள் சுற்றுவது, பிளக் இல்லாத வயரை நெருப்புக்குச்சியால் செருகுவது, ஏர்த் ஓட்டையில் பேனையைக் குத்தி இரண்டு முனை சார்ஜரைத் திணிப்பது எல்லாம் நான் பார்த்த வீடுகளில் நடக்கிறது. குழந்தை இருக்கிற வீட்டில் கூட. தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள்.

ட்ரிப் விழுந்துகொண்டே இருந்தால்

மாரி தொடங்கினால் இந்த முறைப்பாடு வீட்டுக்கு வீடு கேட்கும். எல்லா பிரேக்கரையும் விழுத்துங்கள். ட்ரிப்பை ஏற்றுங்கள். நின்றால், பிரேக்கரை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றியதும் ட்ரிப் விழுகிறதோ பிழை அந்த வழியில். அதை விழுத்திவிட்டு அந்த வழியில் உள்ள பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மறுபடி ஏற்றி, ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பழைய பிரிஜ், அயன்பெட்டி, கிணற்றடி மோட்டர், மழை படும் வெளி லைற், இவைதான் பெரும்பாலும் அகப்படும். எல்லாம் கழற்றியும் விழுகிறதென்றால் வயரிங்கில் ஈரம் இறங்கியிருக்கலாம். அந்த பிரேக்கரை விழுத்தியபடியே விட்டுவிடுங்கள். தொந்தரவாக இருக்கிறதென்று ட்ரிப் சுவிச்சைத் தாண்டி வயர் இழுக்க யாரையும் விடாதீர்கள், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும்.

மோட்டரின் கப்பாசிற்றர், தண்ணீர் சூடாக்கி, ஏர்த், பெட்டிக்குள் உள்ள வேலை, கருகிய மணம் வருகிற எந்த இடமும் எலெக்ட்ரீசியனுக்குரியவை. கப்பாசிற்றர் கரண்டைச் சேர்த்து வைத்திருக்கும், நிறுத்திய பிறகும் அடிக்கும்.

யாருக்காவது கரண்ட் பிடித்துவிட்டால் அவரைத் தொடாதீர்கள். மெயினை நிறுத்துங்கள். அது முடியாத தூரமென்றால் ஈரமில்லாத பலகையில் ஏறி நின்று, உலர்ந்த மரத்தடியால் வயரைத் தள்ளுங்கள். 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். எழும்பி நன்றாகக் கதைத்தாலும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

எலெக்ட்ரீசியனைக் கூப்பிடும்போது எந்த பிரேக்கர், எத்தனை மணிக்கு விழுந்தது, மழையா வெயிலா, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதி வைத்துச் சொல்லுங்கள். அவருடைய தேடுகிற நேரம் பாதியாகக் குறையும். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள், கேளுங்கள். பெட்டியில் நீங்கள் ஒட்டிய பெயர்கள் சரிதானா என்று போக முன்னம் அவரிடம் ஒருக்காப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் "குசினி" என்று நான் எழுதியிருந்த பிரேக்கரில்தான் கிணற்றடி லைற்றும் இருந்தது என்று அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது.